பெயர் சொல்லப்படாத ஊழியன்

நல்லவன் ஏன் துன்புறுகிறான்? மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே இந்த வினாவையும் எழுதி வந்திருக்கிறான். இதற்குப் பல நாடுகளிலும் பெருவழக்காய் நிலவி வந்த விடை ஒன்று உண்டு. 'அவன் செய்ததை அவன் அனுபவிக்கிறான்' என்பதே அது. இந்த விடையில் ஒரு வசதி இருக்கிறது. துன்புறுவோனைக் கண்டு நாம் மனங் கலங்க வேண்டுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நம் வழியே போய்விடலாம். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் எபிரேய மொழியில் எழுந்த பாட்டு ஒன்று இந்த வசதியை மனிதனிடமிருந்து பறித்துக்கொண்டது. அந்தப் பாட்டு எத்தகையது, கிறிஸ்தவ சமயம் அதற்கு என்ன பொருள் கண்டது, அந்தப் பொருள் நம் கொங்கு நாட்டில் வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பவற்றை இங்கே காண்போம்.

பிறருக்காகத் துன்பம் ஏற்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. கொங்கு நாட்டின் சிற்றூர்களில் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை காத்து மடிந்தவனுக்கு ஒரு கல். ஊருக்குள் புகுந்த புலியை எதிர்த்து மாண்டவனுக்கு ஒரு கல். இப் பின்னதைப் 'புலிகுத்திக் கல்' என்று மக்கள் வழங்குகின்றனர். முதிர மலைக்குத் தலைவனாகிய குமணனை நாம் அறிவோம். தம்பி நாட்டைக் கவர்ந்துகொண்டு அண்ணன் தலைக்கு விலை வைத்தான். காட்டில் மறைந்திருந்த குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் பரிசில் வேண்டி வந்தார். கொடுக்க ஒன்றுமில்லாத அவ் வள்ளல், தன் தலையைக் கொண்டுபோய் அந்த விலையைப் பெற்றுக்கொள்ளுமாறு தன் வாளையே புலவர் கையில் கொடுத்தான். இவ் வீரரும் வள்ளலும் துன்பம் ஏற்றனர்; ஊரார் அவர்களை உடனே அறிந்து போற்றினர்; கல் நட்டனர்; பாடினர்.

நாம் இங்கே காணப்போகும் எபிரேயப் பாட்டில் வருபவனோ போற்றப்படாதவன். அவன் துன்புறும் காலத்தில் அவன் யாருக்காகத் துன்புறுகிறான் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கு நடுகல் இல்லை. தீயவர்களோடு அவனுக்குக் கல்லறை தரப்படுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டு எழுந்த காலத்தைப் பார்ப்போம்.

கி. மு. 587-ஆம் ஆண்டை ஒட்டி, பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சாரின் படை எருசலேம் நகரைத் தரைமட்டமாக்கியது. யூதரின் கோயில் தீக்கிரையாயிற்று. மக்களில் பலர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். கி. மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றி அவர்கள் நாடு திரும்ப வழிவிடும் வரையில், அவர்களுக்கு நாடில்லை, அரசனில்லை, பலியிடப் பலிபீடமும் இல்லை. 'எங்கள் பாவத்துக்கு இது தண்டனை' என்று சிலர் தலை குனிந்தனர். 'எங்கள் கடவுள் எங்களை மறந்தார்' என்று சிலர் வெதும்பினர். அந்த இருளில்தான் ஏசாயா நூலின் பின்பகுதி தோன்றியது என்பது இக்கால அறிஞர் பெரும்பாலோர் துணிபு. ஏசாயா என்னும் தீர்க்கதரிசி கி. மு. எட்டாம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்தவர். அவர் பெயரைத் தாங்கிய நூல் 66 அதிகாரங்கள் கொண்டது. அதில் 40 முதல் 55 வரையிலான பகுதியை, அவர் வழியில் வந்து நாடுகடத்தப்பட்ட மக்களிடையே வாழ்ந்த, பெயர் தெரியாத வேறொருவர் இயற்றினார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நூல் முழுவதும் ஏசாயாவுடையதே என்று மரபு வழியில் கொள்வோரும் உளர்.

1892-இல் பெர்னார்டு தூம் என்னும் ஜெர்மானிய அறிஞர், இப் பகுதியில் நான்கு பாட்டுகள் தனித்து நிற்பதைச் சுட்டிக் காட்டினார். 42, 49, 50 ஆகிய அதிகாரங்களில் மூன்று பாட்டுகள் உள்ளன. 52-ஆம் அதிகாரத்தின் இறுதியில் தொடங்கி 53-ஆம் அதிகாரம் முழுவதும் நான்காவது பாட்டு ஓடுகிறது. நான்குமே கடவுளின் 'ஊழியன்' ஒருவனைப் பாடுகின்றன. அந்த ஊழியனின் பெயர் என்ன என்பதை நான்காம் பாட்டு ஓரிடத்திலும் சொல்லவில்லை.

அந்நான்காம் பாட்டின் கருத்தை நம் சொற்களில் கூறுவோம். வானம் பார்த்த பூமியில் வாடி முளைத்த செடியைப் போன்றவன் அவன். கண்டவர் விரும்பத்தக்க அழகோ பொலிவோ அவனிடம் இல்லை. நோயும் துயரும் அவனுக்குப் பழகிப்போயின. மக்கள் அவனைப் பார்க்கவும் கூசி முகத்தை மறைத்துக்கொள்கின்றனர். அவன் வாய் திறந்து முறையிடவில்லை. நீதியின்றி அவனுக்குத் தீர்ப்பாகிறது, அவன் மாள்கிறான். இது வரையில் உலகம் அறிந்த கதைதான். இதன் நடுவே ஒரு குரல் திடீரென்று மாறி ஒலிக்கிறது. அது 'நாங்கள்' என்று பேசும் மக்களின் குரல். கடவுள்தாம் அவனை அடித்தார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் அவன் சுமந்தது எங்கள் குற்றத்தை. அவன் பட்ட காயத்தால் நாங்கள் நலம் பெற்றோம் என்று அக்குரல் ஒப்புக்கொள்கிறது. இறுதியில் கடவுள் அந்த ஊழியனை உயர்த்துகிறார். அவனும் தன் துன்பத்தின் பயனைக் கண்டு நிறைவடைகிறான்.

இப் பாட்டின் உயிர்நிலை, 'நாங்கள் தவறாக எண்ணினோம்' என்னும் அந்த ஒப்புதலில் இருக்கிறது. துன்புறுகிறவன் குற்றவாளி என்ற பழைய கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றவர்களே குற்றவாளிகள், பார்க்கப்பட்டவன் குற்றமற்றவன்.

இன்னொரு சொல்லையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த ஊழியன் தன் உயிரையே 'ஆஷாம்' ஆகக் கொடுத்தான் என்கிறது பாட்டு. ஆஷாம் என்பது குற்றம் நீங்குவதற்காகக் கோயிலில் ஆட்டைப் பலியிடும் சடங்கின் பெயர். கோயில் இடிந்து கிடந்த காலம் அது; மீண்டும் அது கட்டி முடிக்கப்பட்டது கி. மு. 515-இல்தான். பலிபீடம் இல்லாத நாளில், பலி என்னும் சொல் விலங்கை விட்டு மனிதனிடம் வந்து சேர்ந்தது. விலங்கு தானே விரும்பிப் பலியாவதில்லை. இந்த ஊழியனோ விரும்பி ஏற்கிறான். பலி என்பது பிறர் பிடித்துக் கொடுப்பதாக இருந்த நிலை மாறி, ஒருவன் தன்னையே கொடுப்பதாக ஆயிற்று. இந்த வேறுபாடே பின்னர் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்த ஊழியன் யார்? புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பணிகளைக் கூறும் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. எத்தியோப்பிய அரசியின் கருவூலத் தலைவர் ஒருவர் எருசலேமிலிருந்து தேரில் ஊர் திரும்புகிறார். வழியில் இப் பாட்டை வாய்விட்டுப் படிக்கிறார். பிலிப்பு என்பவர் அருகில் வருகிறார். தீர்க்கதரிசி இதைத் தம்மைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்துச் சொல்கிறாரா என்று அந்த ஆப்பிரிக்கர் கேட்கிறார். அவர் கேட்ட கேள்வி இன்றளவும் ஆராய்ச்சியாளரின் கேள்வியாகவே இருந்து வருகிறது.

பிலிப்பு கொடுத்த விடையே கிறிஸ்தவத்தின் விடையாயிற்று. ஏறக்குறைய கி. பி. 30-இல் எருசலேமில் சிலுவையில் அறையுண்ட இயேசுவே அந்த ஊழியர் என்று முதற் கிறிஸ்தவர்கள் கொண்டனர். அவர்களுக்கு இது ஏட்டில் எழுந்த ஐயமன்று. நெஞ்சில் தைத்த முள். உரோமப் பேரரசில் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய இழிந்த தண்டனை. தாம் வழிபடும் தலைவர் அவ்வாறு மாண்டார் என்பதை அவர்கள் எப்படி விளங்கிக்கொள்வது? இப் பாட்டு அவர்களுக்கு வழி காட்டியது. தோல்வி என்று தோன்றியது தன்னையே தரும் பலி என்று அவர்கள் கண்டனர். அது முன்னரே சொல்லப்பட்டது என்றும் நம்பினர்.

யூத அறிஞர்கள் வேறு விடை கூறினர். கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகேன் என்னும் கிறிஸ்தவ அறிஞர், தம்மோடு வாதிட்ட யூதர்கள் இப் பாட்டு நாடிழந்து சிதறிய தம் மக்களினம் முழுவதையும் குறிப்பதாகக் கொண்டனர் என்று எழுதியிருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் திரோயெசு நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியும் அவ்வாறே உரை கண்டார். அவர் காலத்திலேயே, 1096-இல், முதற் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தனர். பிறருக்காகத் துன்புற்றவரை வணங்குவதாகச் சொல்லிக்கொண்டவர்களே பிறரைத் துன்புறுத்தினர். பாட்டில் 'நாங்கள்' என்று பேசும் மக்கள் தங்கள் தவற்றை உணர்ந்தனர், இவர்கள் உணரவில்லை. இயேசுவின் சாவுக்கு யூத இனத்தார் அனைவரையும் குற்றஞ்சாட்டுவது தகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை தன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக 1965-இல்தான் தெளிவாக அறிவித்தது. ஒரு நூலை ஓதுவது வேறு, அதன்படி நிற்பது வேறு என்பதற்கு வரலாறு தரும் சான்று இது.

1947-இல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகையில் பழஞ்சுருள்கள் சில கிடைத்தன. அவற்றுள் ஏசாயா நூல் முழுவதும் அடங்கிய தோற்சுருள் ஒன்று இருந்தது. அது கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது என்பது அறிஞர் முடிவு. அதிலும் இப் பாட்டு இருக்கிறது. எனவே, இது கிறிஸ்தவர்கள் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்ததன்று என்பது உறுதியாயிற்று. ஊழியன் யார் என்பதை மட்டும் எந்தச் சுருளும் தீர்த்து வைக்க இயலாது. அது சமய நம்பிக்கையைச் சார்ந்தது.

இப் பாட்டு தமிழுக்கு வந்த வழியையும் நாம் அறிதல் வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை சூல்சு என்பவர் தொடர்ந்தார். அது 1728-இல் அச்சேறி நிறைவுற்றது. பின்னர்ப் பல திருத்தங்கள் தோன்றின. 1871-இல் பவர் குழுவினர் வெளியிட்ட மொழிபெயர்ப்பு தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரிடையே நிலைபெற்றது. அதில் 'தாசன்' என்று வழங்கிய சொல், 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் 'ஊழியர்' ஆயிற்று. 'தீர்க்கதரிசனம்' என்பது 'இறைவாக்கு' என்று மாறிற்று. இம் மாற்றத்தில் ஒரு பொருள் உண்டு. முன்னது, வருங்காலத்தை முன்னறிந்து கூறுதல் என்னும் கருத்தை எழுப்புகிறது. பின்னதோ, கடவுளுக்காகப் பேசுதலைக் குறிக்கிறது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் முதன்மையாகத் தம் காலத்து மக்களின் மனச்சான்றை நோக்கியே பேசினர்.

கிறிஸ்துவின் சிலுவைத் துன்பத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர் 'பாடுகள்' என்று வழங்குகின்றனர். இது நம் உழவர் வாயில் நாள்தோறும் வழங்கும் சொல். 'பாடுபட்டு விளைவித்தது' என்று கொங்கு நாட்டுக் குடியானவர் சொல்லும்போது உழைப்பும் துன்பமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பயனற்ற வேதனையைப் பாடு என்று அவர் பெருமையோடு சொல்லமாட்டார். வீட்டார் வயிறு நிறைவதற்காகப் பட்டதையே அவ்வாறு சொல்வார். ஊழியன் தன் துன்பத்தின் பயனைக் கண்டு நிறைவடைவான் என்ற எபிரேயக் கவிஞரின் கருத்துக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது அரிது.

இனிக் கொங்கு நாட்டுக்கு வருவோம். 1623-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேலம், மோரமங்கலம் ஆகிய ஊர்ப்பக்கங்களில் கிறிஸ்தவ சமயத்தைப் போதித்தார். அந்நூற்றாண்டிலேயே கோவைக்குக் கிழக்கே உள்ள கருமத்தம்பட்டியில் கத்தோலிக்கச் சமூகம் வேரூன்றியது. 1830-இல் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஆடிஸ் என்பவர் கோவைக்கு வந்து பணி தொடங்கினார். 1845-இல் கோவை, கத்தோலிக்கரின் தனி மறைப்பணி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதன் பொறுப்பு மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்னும் பிரெஞ்சுக் குருவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிரெசியாக் 1813-இல் தென் பிரான்சின் காஸ்தெல்நோதாரி என்னும் ஊரில் பிறந்தவர். 1842-இல் புதுச்சேரிக்கு வந்தார். சேலம் பகுதியில் சிறிது காலம் பணியாற்றிய பின், புதுச்சேரியில் குருமாணவர் கல்லூரியின் தலைவரானார். 1846 அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயரை அக்காலத் தமிழ்க் கத்தோலிக்கர் 'மேற்றிராணியார்' என்று அழைத்தனர். அப்போது அவருக்கு வயது 32. சென்னை மாகாணத்தில் முதல் இரயில் ஓடியது 1856-இல். கோவைக்கு நகராட்சி அமைந்தது 1866-இல். ஆகவே, குதிரையும் மாட்டுவண்டியுமே அவருக்குத் துணையாயின. இன்று கோவையில் நிற்கும் புனித மிக்கேல் பேராலயம் அவர் காலத்தில் தொடங்கப்பெற்றது.

அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் ஆழமாகப் பதிந்திருந்தது. இந்த நாட்டுத் திருச்சபையை இந்த நாட்டவரே நடத்த வேண்டும். ஐரோப்பியக் குருமார் வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதே அது. 1844-இல் புதுச்சேரியில் கூடிய குருமார் மன்றமும் உள்நாட்டுக் குருமாரைப் பயிற்றுவிப்பதை வலியுறுத்தியது. 1845-இல் உரோமையிலிருந்தும் அவ்வாறே கட்டளை வந்தது. ஆனால் ஏட்டில் எழுதிய கட்டளை நடைமுறைக்கு வர உடன்பணியாளர் பலரும் மனம் ஒப்பவில்லை. வந்தவர் மேலிருப்பதும் இந்நாட்டவர் கீழிருப்பதும் இயல்பு என்ற எண்ணம் அக்காலத்தில் வேரோடியிருந்தது.

மற்றொரு சிக்கலும் இருந்தது. அது சாதி பற்றியது. தாழ்த்தப்பட்ட மக்களின் இல்லங்களுக்குள் குருமார் சென்று, நோயுற்றுச் சாகும் நிலையில் இருப்போருக்குத் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டுமா என்ற கேள்வி 1704-இலேயே எழுந்தது. கட்டாயம் செல்ல வேண்டும் என்று போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட்டார். அதன்மேல் நெடுங்கால வழக்கு நடந்தது. 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் ஒரு முடிவு கூறினார். அம் மக்களுக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். வேறு பல வழக்கங்களைத் தடுத்தார். அத் தடைகளைக் காப்பதாகக் குருமார் அனைவரும் ஆணையிட வேண்டும் என்றும் விதித்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த பிரெசியாக்கும் அந்த ஆணைக்கு உட்பட்டவரே.

இங்கே எபிரேயப் பாட்டை மீண்டும் எண்ணிப் பார்ப்பது தகும். அந்நாளில் கத்தோலிக்கக் குருமார் ஒவ்வோர் ஆண்டும் புனித வாரத்துப் புதன்கிழமையன்று இப் பாட்டை இலத்தீன் மொழியில் ஓதி வந்தனர். கி. பி. 400-ஐ ஒட்டி வாழ்ந்த புனித ஜெரோமின் மொழிபெயர்ப்பு அது. அதில், மக்கள் அந்த ஊழியனைத் தொழுநோயாளனைப் போல எண்ணினர் என்று ஓர் இடம் வருகிறது. தீண்டத் தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனிடத்திலேயே மீட்பு இருந்தது என்று கோயிலில் ஓதினார்கள். அதே கோயிலின் வாசலுக்கு வெளியே, தீண்டத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் வீட்டுக்குள் நுழைவதா வேண்டாமா என்று ஒன்றரை நூற்றாண்டாக வாதிட்டனர். இம் முரண்பாடு நேர்மையான மனத்தை உறுத்தாமல் விடுமா?

பிரெசியாக்கின் மனத்தை அது உறுத்தியது. மக்களின் எந்த வழக்கம் சமூக வழக்கம், எது சமயத்துக்கு மாறானது, எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்பவற்றுக்குத் தெளிவான விடை வேண்டி அவர் உரோமைக்கு எழுதினார். 1854-இல் நேரிலும் சென்றார். அவர் மனம் அமைதியுறும் விடை கிடைக்கவில்லை. மனச்சான்றுக்கு மாறாகப் பதவியில் இருப்பதைவிடப் பதவியைத் துறப்பதே நன்று என்று முடிவு செய்தார். 1855-இல் அவருடைய துறவு ஏற்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்ட நாட்டைவிட்டு அவர் நீங்கினார். ஊரார் கண்ணுக்கு இது தோல்வியாகத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் ஓய்வை நாடவில்லை. மிகவும் கைவிடப்பட்ட மக்கள் எங்கே இருக்கின்றனரோ அங்கே தம்மை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தை நிறுவினார். சியரா லியோன் நாடு அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதன் தலைநகராகிய ஃப்ரீடவுன், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1792-இல் அமைக்கப்பட்ட ஊர். அக்காலத்து ஐரோப்பியர் அந்தக் கரையை வெள்ளையரின் இடுகாடு என்றே சொல்வார்கள். 1859 மே 14-ஆம் நாள் பிரெசியாக் அங்கே கரை இறங்கினார். ஊரில் மஞ்சட் காய்ச்சல் பரவியிருந்தது. அந்நோயைக் கொசு பரப்புகிறது என்பது 1900-இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு நல்ல தடுப்பூசி வந்தது 1930-களில். அன்று தப்பிக்கும் வழி ஊரை விட்டு ஓடுவது ஒன்றே. அவரும் தோழர்களும் ஓடவில்லை. தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். ஜூன் 25-ஆம் நாள் அவரும் காலமானார். அவர் அங்கே வாழ்ந்தது ஆறே வாரங்கள். வயது 45.

அவர் தொடங்கிய சங்கத்தில் பிரான்சில் எஞ்சியிருந்தவர்களுள் அகுஸ்தின் பிளாங்க் என்பவர் பொறுப்பேற்று அதை நிலைநிறுத்தினார். அதன் குருமார் மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பணியாற்றினர். கொங்கு நாட்டில் அவர் விரும்பியதும் ஒரு நாள் நிறைவேறியது. 1940-இல் உபகாரசாமி ஆண்டகை கோவை மறைமாவட்டத்தின் முதல் இந்திய ஆயரானார். 1744-இல் விதிக்கப்பட்ட அந்த ஆணையை உரோமை நீக்கியதும் அதே 1940-இல்தான். 2020-இல் போப்பாண்டவர் பிரான்சிசு, பிரெசியாக்கின் நற்பண்புகளை ஏற்று அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். விதைத்தவர் மறைந்து 81 ஆண்டுகள் சென்ற பின்னர்க் கோவையில் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது.

பிரெசியாக்தான் ஏசாயா பாடிய ஊழியர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரும் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டார். கிறிஸ்தவ நம்பிக்கையில் அந்த இடம் ஒருவருக்கே உரியது. ஆயினும் பாட்டின் கருத்து மனித வாழ்வில் எவ்வாறு நுழைகிறது என்பதற்கு அவர் வரலாறு ஒரு சான்று. அதிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் தெளியலாம்.

முதலாவது, துன்பம் தன்னளவில் நல்லதன்று. கிறிஸ்தவ அறிஞரிடையேயும் இது பற்றி நீண்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்பவர், மனிதன் கடவுளுக்குப் பட்ட கடனைக் கிறிஸ்துவின் சாவு தீர்த்தது என்று விளக்கினார். அவருக்குச் சற்றுப் பின்வந்த அபெலார்டு, அச் சாவில் வெளிப்பட்ட அன்பே மனிதனை மாற்றுகிறது என்றார். இருவர் கருத்திலும் வேதனைக்காக வேதனை இல்லை. கடன் தீர வேண்டும். அன்பு வெளிப்பட வேண்டும். காய்ச்சலில் மாள்வது பெருமையன்று. நோயுற்ற மக்களைக் கைவிடாமல் நின்றதே பெருமை. கொசுவைக் கண்டுபிடித்து ஊரைக் காத்த மருத்துவரும் அப் பெருமையில் பங்குடையவரே.

இரண்டாவது, பலியைத் தனக்கென ஏற்கலாம், பிறர்மேல் சுமத்தலாகாது. 'துன்பத்தைப் பொறுத்துக்கொள், அதில் புண்ணியம் உண்டு' என்று ஒடுக்கப்பட்டவனிடம் வலியவன் சொல்வானாயின், அது ஏசாயாவின் பாட்டாகாது. பாட்டைத் திருடி வலியவன் தன் ஆசனத்துக்கு மெத்தையாகப் போட்டுக்கொள்வதாகும். பாட்டில் அறிவுரை துன்புறுவோனுக்குக் கூறப்படவில்லை. பார்த்து நிற்போருக்கே கூறப்பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களே, திரும்பிப் பாருங்கள் என்பதே அதன் அழைப்பு. 1096-இல் ரைன் கரையில் நின்றோர் அவ்வழைப்பைக் கேட்கவில்லை. கொங்கு நாட்டில் அதைக் கேட்ட ஒருவர் மேற்றிராணியார் பதவியையே துறந்தார்.

இக்காலத்திலும் நம் தெருக்களில் முகம் திருப்பிக்கொள்ளப்படுவோர் இருக்கின்றனர். கழிவுநீர்க் குழியில் இறங்குவோர் உளர். தொழுநோயிலிருந்து குணமடைந்த பின்னும் வீட்டாரால் சேர்த்துக்கொள்ளப்படாதோர் உளர். சாதியின் பெயரால் இன்னும் தள்ளி வைக்கப்படுவோரும் உளர். அவர்களைக் காணும்போது 'அவர்கள் விதி' என்று சொல்லும் பழைய விடை நம் நாவிலும் எளிதாக வந்துவிடும். எபிரேயக் கவிஞர் அந்த விடையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஒரு வினாவைக் கையில் தருகிறார்: இவர்கள் சுமப்பது யாருடைய சுமை?

அவர் தம் ஊழியனுக்குப் பெயர் சூட்டாமல் விட்டார். கிறிஸ்தவர் அங்கே இயேசுவின் பெயரை எழுதினர். யூதர் தம் இனத்தின் பெயரை எழுதினர். எச் சமயத்தாராயினும் இப் பாட்டைக் கற்போர், பெயர் அறியாத அந்த முகத்தைத் தம் ஊரிலும் காண முடியும். காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நிற்பதே கற்றதன் பயன்.